நாற்காலியை உதறிவிட்டுக் காட்டுக்குப் போனவர்

1972-ல் பிபிசியின் அடுத்த தலைமை இயக்குநர் யார் என்ற பேச்சில், இன்று இயற்கை ஆவணப்படங்களால் உலகம் அறிந்த டேவிட் அட்டன்பரோவின் பெயரும் அடிபட்டது. அவருக்கு அப்போது 46 வயது. பிபிசியின் இரண்டு தொலைக்காட்சி அலைவரிசைகளிலும் என்ன ஓட வேண்டும், எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் நிகழ்ச்சி இயக்குநர் பதவியில் இருந்தார். இன்னும் ஒரு படி ஏறினால் உச்சி. அவரோ அண்ணனுக்குப் போன் போட்டு, அந்த வேலையில் தனக்கு ஆசையே இல்லை என்று சொன்னார். கொஞ்ச நாளில் இருந்த பதவியையும் விட்டுவிட்டு மறுபடி படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். அந்த அண்ணன்தான் பத்து வருடம் கழித்து 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ.

அட்டன்பரோ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குரல். தாழ்ந்த, அவசரமில்லாத குரல். ஒரு புழுவைப் பற்றிச் சொன்னாலும் திமிங்கிலத்தைப் பற்றிச் சொன்னாலும் அதே மரியாதை. அந்தக் குரலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைப் பல வருடங்களாகப் பிடித்து வைத்திருப்பது, அவர் முகம் திரையில் அதிகம் தெரியாத அந்த எட்டு வருடங்கள்: 1965 முதல் அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலம். காட்டில் அவர் பின்னாளில் செய்ததற்கெல்லாம் அடித்தளம் அந்த மேசையில்தான் போடப்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவரைத் தொகுப்பாளராக மட்டும் பார்ப்பவர்கள் பாதி ஆளைத்தான் பார்க்கிறார்கள்.

அவர் தொலைக்காட்சிக்கு வந்ததே சுற்றுவழியில். 1926 மே 8-ம் தேதி பிறந்தவர், லெஸ்டர் நகரத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியின் வளாகத்தில் வளர்ந்தார். அப்பா அந்தக் கல்லூரியின் முதல்வர். சிறுவயதில் சுற்றுவட்டாரப் பாறைகளில் தொல்லுயிர்ப் படிவங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். கேம்பிரிட்ஜில் நிலவியலும் விலங்கியலும் படித்தார், கடற்படையில் இரண்டு வருடம் இருந்தார், அப்புறம் பாடநூல் பதிப்பகம் ஒன்றில் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்த வேலை அலுத்துப்போய் 1950-ல் பிபிசி வானொலிக்கு விண்ணப்பம் போட, நிராகரித்துவிட்டார்கள். ஆனால் அந்த விண்ணப்பம் மேரி ஆடம்ஸ் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரின் கையில் சிக்கியது. அவர் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, 1952-ல் அட்டன்பரோ முழுநேர ஊழியரானார். அதுவரை அவர் பார்த்திருந்தது ஒரே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. வீட்டில் பெட்டியும் கிடையாது. திரைக்கு முன்னால் வர வேண்டாம், பல் ரொம்பப் பெரிதாக இருக்கிறது என்பது மேரி ஆடம்ஸின் கருத்து. ஆக, அவர் சேர்ந்தது தயாரிப்பாளராக.

லண்டன் மிருகக்காட்சி சாலையின் ஊர்வனப் பிரிவுக் காப்பாளர் ஜாக் லெஸ்டரும் அட்டன்பரோவும் சேர்ந்து ஒரு யோசனை பண்ணினார்கள். மிருகக்காட்சி சாலைக்கு விலங்கு பிடிக்க ஒரு பயணம் போவது, அந்தப் பயணத்தைப் படமெடுப்பது, திரும்பி வந்ததும் பிடித்த விலங்குகளை ஸ்டுடியோவில் நேரலையாகக் காட்டுவது. 'ஜூ குவெஸ்ட்' பிறந்தது இப்படித்தான். முதல் பயணம் 1954-ல் சியரா லியோனுக்கு. தேடிப் போனது வெண்கழுத்துப் பாறைக்கோழி என்று சொல்லத்தக்க ஓர் அபூர்வப் பறவையை. அதன் அறிவியல் பெயர் பிக்கதார்ட்டிஸ். ஸ்டுடியோவில் நின்று பேச வேண்டியவர் லெஸ்டர். முதல் பாகம் முடிந்ததுமே அவர் நோயில் விழுந்துவிட, அடுத்த வாரம் நேரலையில் நிற்க வேறு ஆள் இல்லை. பயணத்தில் கூடவே இருந்தவர் தயாரிப்பாளர்தான். பெரிய பல்லோடு அவரே போய் நின்றார்.

இந்தத் தற்செயலைச் சுவாரசியமான துணுக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஒரு பறவையை முதல் வாரமே காட்டிவிடாமல், பல வாரங்களுக்கு 'கிடைக்குமா, கிடைக்காதா' என்று ஜனங்களை இழுத்துக்கொண்டு போனது ஒரு தயாரிப்பாளரின் கணக்கு. லண்டன் தெருவில் ஒரு வண்டி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, அந்தப் பறவையைப் பிடித்துவிடுவீர்களா என்று கத்திக் கேட்டதாக அட்டன்பரோ பிற்பாடு சொல்லியிருக்கிறார். வாயில் நுழையாத பெயருள்ள ஒரு பறவைக்காக ஊர் காத்திருந்தது.

அந்தப் பயணத்துக்கு அவர் பிபிசியின் படப்பிரிவோடு சண்டை போட வேண்டியிருந்தது. அப்போது பிபிசி படமெடுத்தது 35 மில்லிமீட்டர் ஃபிலிமில். அந்தக் கேமராவைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. 16 மில்லிமீட்டர் வேண்டும் என்றார் இவர். அது கத்துக்குட்டிகள் எடுப்பது, தரம் இருக்காது என்றார்கள் அவர்கள். கடைசியில், படம் தெளிவாக வரும் என்பதற்காகக் கலர் ஃபிலிமில் எடுப்பது என்று சமரசம் ஆனது. ஒளிபரப்பானது என்னவோ கறுப்பு-வெள்ளையில்தான். கலரைக் காட்டப் பிரிட்டனில் அன்று தொலைக்காட்சியே இல்லை. ஒளிப்பதிவாளர் சார்ல்ஸ் லேகஸ் எடுத்த அந்தக் கலர்ச் சுருள்கள் ஆவணக் கிடங்கில் அரை நூற்றாண்டுக்கு மேல் தூங்கின. 2016-ல் அவற்றைக் கண்டெடுத்து, கலரிலேயே ஒளிபரப்பினார்கள். இந்தோனேசியாவின் கொமோடோ தீவுக்கு 1956-ல் போனபோது எடுத்த காட்சிகளும் அப்படிக் கிடைத்தன. கொமோடோ உடும்பைப் பொறி வைத்துப் பிடித்துவிட்டார்கள், ஆனால் நாட்டைவிட்டுக் கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை. திறந்து விட்டுவிட்டு வந்தார்கள். இன்றைக்குப் பார்க்கும்போது அதுதான் சரி என்று தோன்றுகிறது. விலங்கைப் பிடித்துக் கூண்டில் போடுவதைக் கொண்டாடும் நிகழ்ச்சியை இன்று எந்த நாட்டிலும் எடுக்க மாட்டார்கள்; எடுக்கவும் கூடாது.

1957-ல் பிபிசி பிரிஸ்டல் நகரத்தில் இயற்கை வரலாற்றுப் பிரிவைத் தொடங்கியது. அட்டன்பரோவைக் கூப்பிட்டார்கள். குடும்பம் லண்டனில் ரிச்மண்டில் ஊன்றிவிட்டது, வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்புறம் 1960-களின் தொடக்கத்தில் நிரந்தர வேலையையும் விட்டுவிட்டு, லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சமூக மானுடவியல் படிக்கப் போனார். அந்தப் படிப்பை முடிப்பதற்குள் 1965-ல் பிபிசி-2 அலைவரிசைக்குத் தலைவராக வரச்சொல்லி அழைப்பு வந்தது. அவ்வப்போது படமெடுக்கவும் போவேன் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

அவர் ஏற்றுக்கொண்ட பிபிசி-2 அப்போது பாவப்பட்ட குழந்தை. 1964 ஏப்ரல் 20-ம் தேதி தொடக்க விழா அன்றே பேட்டர்சீ மின் நிலையத்தில் தீப்பிடித்து லண்டனின் பெரும்பகுதியில் கரண்ட் போய்விட்டது. நிகழ்ச்சிகளைப் பார்க்கப் புதுப் பெட்டியும் புது ஆன்டெனாவும் வேண்டும். அதற்குச் செலவழிக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. இப்படி ஓர் அலைவரிசை கைக்கு வந்தால் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்வோம்? பக்கத்து அலைவரிசையில் எது ஓடுகிறதோ அதையே இன்னும் சத்தமாகப் போடுவோம். அட்டன்பரோ, மற்றவர்கள் எதைச் செய்யவில்லை என்று பார்த்தார். தொல்லியலுக்கு ஒரு நிகழ்ச்சி, பணம், வணிகம் பற்றி ஒரு நிகழ்ச்சி, சாதாரண மனிதர்களின் வாழ்க்கைச் சிக்கல்களைப் பேச ஒரு நிகழ்ச்சி. எந்தத் துறையாக இருந்தாலும் அதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும், ஆனால் வேறெங்கும் இல்லாத விதத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவுகோல்.

கலர் வந்தது அவர் காலத்தில்தான். மேற்கு ஜெர்மனி 1967 ஆகஸ்ட் கடைசியில் கலர் ஒளிபரப்பைத் தொடங்குவதாக இருந்தது. அதற்கு முன்னால் முந்திக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம். கையில் இருந்த கலர் கேமராக்களோ கொஞ்சம். அந்தச் சில கேமராக்களை ஒரே இடத்தில் நிறுத்தினாலே மணிக்கணக்கில் ஒளிபரப்பத் தோதான நிகழ்வு எது? விம்பிள்டன் டென்னிஸ் போட்டி. 1967 ஜூலை 1-ம் தேதி பச்சைப் புல்வெளியோடு ஐரோப்பாவின் முதல் முறையான கலர் ஒளிபரப்பு தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து, கலரின் அருமையை மலிவாக நிரூபிக்க ஒரு வழி தேடியபோது, மேசைமேல் பல நிறப் பந்துகளைக் கோலால் தட்டிக் குழியில் போடும் ஸ்னூக்கர் வந்தது. பந்தின் நிறம் தெரியாவிட்டால் அந்த ஆட்டம் புரியாது, ஒரு மேசைக்கு மேல் செலவும் கிடையாது. 'பாட் பிளாக்' என்ற அந்த நிகழ்ச்சி, கிளப்புகளின் மங்கலான அறைகளில் கிடந்த ஒரு விளையாட்டைப் பிரிட்டன் முழுக்க வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 'சிவிலைசேஷன்'. கலரில் காட்டத் தகுந்த அழகான பொருள்கள் என்னென்ன உண்டோ அத்தனையையும், ஐரோப்பாவின் ஓவியம், சிற்பம், கட்டடம் எல்லாவற்றையும், ஒரே தொடரில் காட்ட வேண்டும் என்று அட்டன்பரோ நினைத்தார். கலை வரலாற்றாசிரியர் கென்னத் கிளார்க்கை விருந்துக்குக் கூப்பிட்டுச் சம்மதிக்க வைத்தார். மொத்தம் 13 பாகங்கள், வாரம் ஒன்று. வருடத்தில் கால் பங்கு என்பது 13 வாரம். அலைவரிசையின் அட்டவணை அப்படித்தான் பிரிக்கப்படும். ஒரே மனிதர், ஒரே பொருள், கால் வருடம். 1969-ல் அது ஒளிபரப்பானபோது, பார்வையாளர்களுக்கு இவ்வளவு பொறுமை இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த அச்சிலேயே ஜேக்கப் பிரோனவ்ஸ்கியை வைத்து அறிவியல் வரலாற்றுக்கு 'தி அசென்ட் ஆஃப் மேன்' வந்தது.

இங்கேதான் அவருக்கு அடிவயிற்றில் ஒரு பதற்றம் ஆரம்பித்திருக்கும். கலைக்கு 13 பாகம், அறிவியலுக்கு 13 பாகம். இதே வடிவத்தில் உயிர்களின் முழுக் கதையையும், முதல் நுண்ணுயிரிலிருந்து மனிதன் வரை, யாராவது சொல்லத்தான் போகிறார்கள். மேசையில் உட்கார்ந்து அதற்கு அனுமதிக் கையெழுத்துப் போடுவதா, தானே போய்ச் செய்வதா? தனக்கு முன்னால் வேறு யாராவது அதைச் செய்துவிடுவார்களோ என்று பயந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தலைமை இயக்குநர் நாற்காலி அவருக்குச் சின்னதாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். தன்னுடைய சிறந்த திட்டத்தைத் தானே தயாரித்துவைத்துவிட்டு, அதில் நடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார், அந்த ஆள் தானே என்று கண்டுகொண்டார்.

'லைஃப் ஆன் எர்த்' 1979 ஜனவரி 16-ம் தேதி தொடங்கியது. படமெடுக்க மூன்று வருடம். பிரிஸ்டல் பிரிவின் கிறிஸ்டோபர் பார்சன்ஸ் நிர்வாகத் தயாரிப்பாளர். எழுத்து அட்டன்பரோ. தொடரைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: ஒரு கண்டத்தில் நின்று பேச ஆரம்பிப்பார், அடுத்த வரிக்கு வேறு கண்டத்தில் நிற்பார், பேச்சு அறுபடாது. இதைச் செய்ய எழுத்து முதலிலேயே முழுதாக முடிந்திருக்க வேண்டும். வருடக்கணக்கில் முன்னும் பின்னும் எடுத்த துண்டுகள் எந்த வரிசையில் ஒட்டினாலும் பொருந்த வேண்டும் என்பதற்காக எங்கே போனாலும் ஒரே மாதிரி நீலச் சட்டை, காக்கிக் கால்சட்டை. அந்த உடையைப் பலர் அவருடைய எளிமை என்று எழுதுகிறார்கள். எளிமையும் இருக்கலாம். ஆனால் அது முதலில் எடிட்டிங் அறைக்காகப் போட்ட சட்டை.

ருவாண்டாவின் மலையில் கொரில்லாக்களோடு அவர் உட்கார்ந்திருக்கும் காட்சி உலகத் தொலைக்காட்சியில் அதிகம் பேர் நினைவில் வைத்திருக்கும் காட்சிகளில் ஒன்று. 1978 ஜனவரியில் எடுத்தது. ஆய்வாளர் டயான் ஃபோசி மிகவும் நேசித்த டிஜிட் என்ற ஆண் கொரில்லாவை வேட்டைக்காரர்கள் கொன்று சில நாள்தான் ஆகியிருந்தது. அங்கே அவர் பேசப் போனது கட்டைவிரலைப் பற்றி: மற்ற விரல்களை எதிர்நோக்கி வளையும் கட்டைவிரல் கிடைத்ததால் குரங்கினங்களுக்கு என்ன ஆதாயம் என்று. எழுதிவைத்த அந்தப் பேச்சு முழுதாக நடக்கவே இல்லை. பெண் கொரில்லா வந்து தலையில் கை வைக்கிறது, குட்டிகள் காலடியில் அவருடைய ஷூ நாடாவை அவிழ்க்கப் பார்க்கின்றன. மற்ற எந்த விலங்கையும்விடக் கொரில்லாவின் பார்வையைச் சந்திக்கும்போது புரிதல் அதிகம் என்ற பொருளில் தோன்றியதைக் கிசுகிசுத்தார். கட்டைவிரல் பேச்சுக்காக ஃபிலிமை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்ததால், விளையாட்டுக் காட்சியில் பதிவானது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் இன்றுவரை ஓடுகிறது.

நான் சில வருடங்கள் ஆவணப்படங்களுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்குப் பாடமாக நான் பார்த்தது அட்டன்பரோவின் தொடர்களை. எங்கே பேசுகிறார் என்பதைவிட எங்கே பேசாமல் விடுகிறார் என்று குறித்துவைப்பேன். கழுகு இறங்கும்போது கழுகு இறங்குகிறது என்று சொல்ல மாட்டார். அது இறங்கி முடித்தபின், படத்தால் காட்ட முடியாத ஒன்றைச் சொல்வார்: அதன் எடை, அது நடந்துகொள்ளும் விதத்துக்கான காரணம். எனக்கு வேலை கொடுத்த இடத்தில் ஐந்து விநாடி பேச்சில்லாமல் போனால் பதறுவார்கள். 'கேப் விழுதுங்க, ஏதாவது போட்டு நிரப்புங்க' என்பார்கள். நிரப்பினேன். இரையைப் பதுங்கி நெருங்கும் சிறுத்தையின் மேல் உரிச்சொற்களைக் கொட்டினோம். தமிழ்ப் பார்வையாளர்களுக்குப் பொறுமை கிடையாது என்று முடிவுசெய்தது பார்வையாளர்கள் இல்லை. ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ. அட்டன்பரோவின் அலுவலக வருடங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

அவர் மேல் விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 2011-ல் 'ஃப்ரோசன் பிளானட்' தொடரில் பனிக்கரடிக் குட்டிகள் குகைக்குள் இருக்கும் காட்சி நெதர்லாந்தின் ஒரு விலங்குப் பூங்காவில் எடுக்கப்பட்டது. வர்ணனையில் அதைச் சொல்லவில்லை. உண்மையான குகையில் கேமரா வைத்தால் குட்டிகளின் உயிருக்கே ஆபத்து என்று அவர் தரப்பில் சொன்னார்கள். அது சரிதான். ஆனால் நிகழ்ச்சியிலேயே ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவர் குரலுக்கு இருக்கும் நம்பகத்தன்மைக்கு அந்த ஒரு வரி கடன்பட்டிருந்தது.

பெரிய விமர்சனம் வேறு. காடு அழிவதையும் கடல் நாசமாவதையும் நேரில் பார்த்த மனிதர், பல பத்தாண்டுகள் அழகை மட்டுமே காட்டினார் என்பது. எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகக் கொடுத்தால் ஜனங்கள் திரும்பிக்கொள்வார்கள் என்று அவர் 2018-ல் சொன்னதற்கு, பத்திரிகையாளர் ஜார்ஜ் மான்பியோ கடுமையாகப் பதில் எழுதினார். எனக்கு மான்பியோ பக்கம் சாயத் தோன்றுகிறது. பருவநிலை மாற்றத்துக்கு மனிதர்களே காரணம் என்று அட்டன்பரோ முழுதாக நம்பியதே 2004 வாக்கில், ஓர் அமெரிக்க விஞ்ஞானியின் உரையைக் கேட்ட பிறகு. அவருக்கிருந்த செல்வாக்குக்கு அது ரொம்பத் தாமதம். ஆனால் திரும்பியபின் அவர் தயங்கவில்லை. 2017-ல் 'ப்ளூ பிளானட் 2' கடலில் பிளாஸ்டிக் செய்யும் கேட்டை நேரடியாகக் காட்டியது. 2025-ல், 99-வது பிறந்தநாளன்று வெளியான கடல் பற்றிய படத்தில், கடலடியை வாரிச் சுரண்டும் இழுவலை நீருக்கடியில் என்ன செய்கிறது என்று காட்டினார். நம் பாக் நீரிணை மீனவர்களுக்கு இழுவைமடிச் சண்டை புதிதல்ல. ஆனால் அந்த வலையின் வாய் தரையை உழுதுகொண்டு வருவதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

விருதுகள், பட்டங்கள் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. கறுப்பு-வெள்ளை, கலர், ஹெச்டி, 3டி என ஒவ்வொரு காலத்துத் தொழில்நுட்பத்திலும் பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி விருதான பாஃப்டா வாங்கியவர். 1986 முதல் 1991 வரை எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் உரையைத் தயாரித்தவரும் அவர்தான்.

முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், யானையும் சிங்கமும் வரும் தொடர்களை நான் சொல்ல மாட்டேன். 1995-ல் வந்த 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்' பாருங்கள். 6 பாகம். நகராத செடிகளை வைத்துத் தொடர் எடுக்கலாம் என்று நினைக்கவே ஒரு தயாரிப்பாளரின் துணிச்சல் வேண்டும். நாள்கணக்கில் நிறுத்தி நிறுத்தி எடுத்த படங்களை ஓடவிட்டதும் செடிகள் வேட்டையாடுகின்றன, இடம் பிடிக்கச் சண்டை போடுகின்றன. முட்கொடி ஒன்று தரையைத் துழாவிக்கொண்டு முன்னேறுவதைப் பார்த்தால் வேலியோரத்துக் கொடியைப் பழையபடி பார்க்க முடியாது. சுமத்ரா காட்டில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் டைட்டன் ஆரம் பூவின் பக்கத்தில் அட்டன்பரோ நின்று, அழுகல் நாற்றம் அடித்து அது பூச்சிகளைக் கூப்பிடும் விதத்தைச் சொல்வார். அந்தப் பூ நம் சேனைக்கிழங்குக்குச் சொந்தம், ஒரே பேரினம். கிழங்கைத் தோண்டாமல் விட்ட கொல்லையில் கோடை மழைக்குப் பிறகு சேனை பூத்தால், எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து வீட்டைச் சுற்றித் தேடுவார்கள். அடுத்த முறை அதைப் பிடுங்கிப் போடாமல் விட்டுவைத்து, எந்தெந்த வண்டு வருகிறது என்று பாருங்கள்.